கம்ப்யூட்டருக்குள் மெலிந்துபோன குரல்

சபர் போனவர் ஒருவராவது இல்லாத முஸ்லிம் தெரு நம் கடற்கரை ஊர்களில் அரிது. வீட்டுக்கு வீடு தொலைபேசி வராத 1970, 80களில், வளைகுடா நாடுகளில் இருந்தவர்கள் கடிதத்தோடு ஒலிநாடாவும் அனுப்பினார்கள். விடுமுறையில் ஊர் திரும்பும் யாரோ ஒருவரின் பெட்டியில், சென்ட் பாட்டிலுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே துணியில் சுற்றி வந்து சேர்ந்த அந்தக் கேசட்டை, வீட்டுப் பெண்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். வாசகர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று இருக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் இருப்பது 60 நிமிடக் கேசட். 1984ஆம் ஆண்டு துபாயிலிருந்து வாப்பா அனுப்பியது. முதல் பக்கத்தில் இருபது நிமிடம் உம்மாவிடமும் பிள்ளைகளான எங்களிடமும் பேசியிருந்தார்கள். மீதி நாடா வீணாகக் கூடாது என்று, அறையில் உடன் தங்கியிருந்தவரின் கேசட்டிலிருந்து இசைமுரசு நாகூர் ஹனிபாவின் பாடல்களைப் பதிந்து நிரப்பியிருந்தார்கள். 1991இல் வாப்பா மவுத்தான பிறகு உம்மா அதை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

2009இல் நான் அந்தக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஓடும் விதமாக மாற்றி வாங்கினேன். பெருநாள் மாலையில் மடிக்கணினியைத் திறந்து உம்மாவின் முன்னால் வைத்து ஓடவிட்டேன். ஐந்து நிமிடம் கேட்டார்கள். “இது யாரு? உங்க வாப்பா இப்படியா பேசுவாஹ?” என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். அடுத்து வந்த பாடலிலும் குறை இருந்தது. கூட்டம் நிறைந்த மைதானத்தின் கடைசி வரிசையையும் எட்டிய ஹனிபாவின் குரல், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது.

கம்ப்யூட்டர் என்றால் ஒலி இப்படித்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு. குற்றவாளிகளை ஒருவர் பின் ஒருவராகத் தேடிப் போனபோது, எல்லோரிலும் குறைந்த குற்றம் செய்தது கம்ப்யூட்டர்தான் என்று தெரிந்தது. கம்ப்யூட்டரில் பாட்டும், பயானும், கிராஅத்தும் கேட்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பயன்படும் என்பதால் அந்தத் தேடலை இங்கே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரிலிருந்து ஒலி நம் காதை வந்தடைய நான்கு வாசல்களைக் கடக்கிறது. பதிவாகியிருக்கும் கோப்பு முதல் வாசல், கம்ப்யூட்டர் இரண்டாவது, ஸ்பீக்கர் மூன்றாவது, நாம் உட்கார்ந்திருக்கும் அறை நான்காவது. பணம் செலவழிப்பதற்கு முன்னால், குறை எந்த வாசலில் இருக்கிறது என்று கண்டுகொள்ளுங்கள். அதற்கு எளிய வழி உண்டு. கம்பியுள்ள ஒரு நல்ல ஹெட்போனை இரவல் வாங்கி, அதே கம்ப்யூட்டரில், அதே பாடலைக் கேளுங்கள். ஒலி தெளிந்துவிட்டால் குறை ஸ்பீக்கரிலோ அறையிலோ இருக்கிறது. ஹெட்போனிலும் கரகரப்பும் குழைவும் தொடர்ந்தால், நன்றாகப் பதிவானது என்று நீங்கள் அறிந்த வேறொரு பாடலைப் போட்டுப் பாருங்கள். அது நன்றாக ஒலித்தால் கோப்பில்தான் கோளாறு. அதுவும் கெட்டு ஒலித்தால் மட்டுமே கம்ப்யூட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

கோப்பில் நடக்கும் கழிவு

1982இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. இடக்காதுக்கும் வலக்காதுக்கும் தனித்தனி அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட் வருகிறது. மனிதக் காது கேட்கக்கூடிய அதிர்வுகள் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. ஓர் அதிர்வைப் பிடிக்க அதைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணித விதி. ஆகவே 44,100 என்ற எண் தாராளமானதே.

ஆனால் அத்தனை எண்களைச் சேமிக்க அந்நாளைய கம்ப்யூட்டர்களில் இடமில்லை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலான பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது, அதை ஒட்டியிருக்கும் மெல்லிய ஒலிகளை நம் காது பிடிப்பதில்லை. காதுக்கு எட்டாததை எதற்காகச் சேமிக்க வேண்டும்? அதைக் கழித்துவிட்டு எஞ்சியதை மட்டும் எழுதிக்கொள்ளும் முறைதான் எம்.பி.3. கோப்பின் பெயரோடு ஒட்டியிருக்கும் அந்த மூன்றெழுத்து வால் 1995இல் முடிவாயிற்று.

இதை உருவாக்கியபோது அவர்களை மிகவும் திணறடித்தது பெரிய வாத்தியக் குழுவின் இசையன்று. சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியம் ஏதுமின்றித் தனிக்குரலில் பாடிய ஒரு பாடல்தான். வாத்தியங்கள் இருந்தால் கழிவுகள் அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். தனிக்குரலில் ஒளிய இடமில்லை. நம் வீடுகளில் ஒலிப்பதில் பெரும்பகுதி தனிக்குரலே என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். 1988இல் மறைந்த எகிப்து நாட்டுக் காரி அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத் ஆகட்டும், ஓர் ஆலிமின் பயான் ஆகட்டும், தனியொரு மனிதக் குரலும் இடையிடையே அமைதியும்தான். ஆகவே கோப்பில் கழிவு மிகுந்தால் மற்றவர்களைவிட நமக்கே இழப்பு அதிகம்.

எம்.பி.3 கோப்பு 128 கிலோபிட் என்றால், குறுந்தகட்டில் உள்ள தகவலில் பதினொன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு பிழைக்கிறது என்று பொருள். சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் அப்படியே வெட்டப்பட்டுவிடும். 64 கிலோபிட்டுக்கு இறங்கினால் கைத்தட்டல் சலசலப்பாகும். தஃப்பின் சலங்கை நீரில் நனைந்தாற்போல் மழுங்கும். ‘ஸீன்’, ‘ஸா’ போன்ற சீறொலி எழுத்துகளின் வேறுபாடு உயர்ந்த அதிர்வுகளில்தான் தங்கியிருக்கிறது. பிள்ளைகள் கேட்டு ஓதிப் பழகும் பதிவு இப்படிப்பட்டதாக இருந்தால், பிழை பிள்ளையின் நாவில் இல்லாமலும் இருக்கலாம்!

256 கிலோபிட் அளவில் நன்கு மாற்றப்பட்ட கோப்பை மூலத்திலிருந்து பிரித்தறிவது நம்மில் பெரும்பாலோருக்கு இயலாது. எம்.பி.3இன் உச்ச அளவான 320ஐப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எதையுமே கழிக்காமல், எண்களை நெருக்கி அடுக்கி மட்டும் வைக்கும் ‘ஃபிளாக்’ என்ற முறை 2001இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மணி நேரக் குறுந்தகடு 635 மெகாபைட் என்றால், ஃபிளாக்கில் பெரும்பாலும் அதில் பாதியைச் சற்றே தாண்டும். அந்த இடம் இன்று ஒரு பொருட்டே அன்று. கையில் குறுந்தகடுகள் இருந்தால் தயங்காமல் ஃபிளாக்கில் மாற்றி வையுங்கள்.

ஓர் ஏமாற்று வேலையையும் சொல்லிவிடுகிறேன். 64 கிலோபிட் கோப்பைச் சிலர் 320ஆக ‘உயர்த்தி’த் தருகிறார்கள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய அண்டாவில் ஊற்றினால் பால் கூடுமா? மேலும், ஒருமுறை கழித்ததை மறுபடி எம்.பி.3 ஆக்கும்போது இன்னொரு சுற்றுக் கழிவும் சேர்ந்துகொள்கிறது. வாப்பாவின் கேசட்டைக் கடைக்காரர் எனக்கு மாற்றித் தந்தது 64 கிலோபிட்டில். நாற்பது பாடல்கள் கொள்ளும் இடத்தில் நானூறு பாடல்களை அடைக்கும் பழக்கம் அவருக்கு. அது என்ன கேசட் என்று நானும் விவரம் சொல்லியிருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரின் பங்கு

கம்ப்யூட்டருக்குள் சரிசெய்ய வேண்டியவை சிலவே. விண்டோஸின் ஒலி அமைப்புகளுக்குள் ‘ஒலி மேம்பாடு’ என்ற பெயரில் சில வசதிகள் ஒளிந்திருக்கும். சிறிய ஸ்பீக்கரைப் பெரியதுபோல் காட்டுவதற்காக வைத்த ஒப்பனைகள் அவை. அவற்றை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பல வீடுகளில் இதுவே பாதி வைத்தியம். வி.எல்.சி. போன்ற மென்பொருள்களில் ஒலியளவை 100 விழுக்காட்டுக்கு மேலும் ஏற்றலாம். ஏற்றாதீர்கள். எண்கள் தம் உச்சத்தைத் தாண்ட முடியாமல் தலை வெட்டுண்டு, கரகரவென்று ஒலிக்கும். கம்ப்யூட்டரில் 100க்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்பீக்கரின் திருகில் செய்வதே முறை.

ஸ்பீக்கரைச் செருகியதும் உர்ரென்ற முனகல் கேட்கிறதா? மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது மின்கம்பியிலிருந்து நுழையும் 50 ஹெர்ட்ஸ் முனகல். கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே மின்பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். மவுஸை நகர்த்தும்போது கீச்சொலி வருமானால், கம்ப்யூட்டரின் உள்மின்சாரம் ஒலிப்பகுதிக்குள் கசிகிறது. எண்களை ஒலியாக்கும் வேலையைக் கம்ப்யூட்டருக்கு வெளியே செய்யும் யு.எஸ்.பி. டாக் என்ற சிறு கருவி அதற்கு மருந்து. விலை குறைந்ததே போதும்.

44,100ஐக் கம்ப்யூட்டர் 48,000ஆக மாற்றி ஒலிக்கிறது என்று கவலைப்படுவோர் உண்டு. விண்டோஸ் அப்படிச் செய்வது உண்மை. ஃபூபார்2000 போன்ற மென்பொருளில் தனியுரிமை முறையைத் தேர்ந்தால் அதைத் தவிர்க்கலாம் என்பதும் உண்மை. வேறுபாட்டை என் காதால் ஒருநாளும் பிடிக்க முடிந்ததில்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் யு.எஸ்.பி. கம்பியைப் பற்றியோ, சொல்லாமல் விடுவதே மரியாதை.

ஸ்பீக்கரும் அறையும்

உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஆண்குரலின் அடிநாதம் சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை அமைகிறது. பெரும்பாலான மடிக்கணினிகளின் ஸ்பீக்கர்களோ, சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வலுவிழந்துவிடுகின்றன. சொற்கள் விளங்கும், நெஞ்சிலிருந்து எழும் கனம் மட்டும் வராது. உம்மா மடிக்கணினியில் கேட்டது வாப்பாவின் குரலில் அந்தக் கனம் கழிந்த மீதியைத்தான்.

புதிய ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து வந்த பழைய டூ இன் ஒன்னோ, தனி ஸ்பீக்கர்களோடு கூடிய ஸ்டீரியோ செட்டோ அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். கேசட் ஓடும் பகுதி பழுதாகியிருந்தாலும் பரவாயில்லை. பின்புறம் ‘ஆக்ஸ்’ அல்லது ‘லைன் இன்’ என்ற துளைகள் இருந்தால், ஒரு சாதாரண இணைப்புக் கம்பியால் கம்ப்யூட்டரை அதில் பொருத்திவிடலாம். அந்நாளைய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் பல, இன்றைய மேசை பொம்மைகளைவிட நன்றாகவே பாடுகின்றன. புளூடூத் ஸ்பீக்கர் வசதியானதுதான். ஆனால் கம்பியில்லாமல் அனுப்புவதற்காக ஒலியை அதுவும் ஒருமுறை சுருக்குகிறது என்பது நினைவிருக்கட்டும்.

இரு ஸ்பீக்கர்களும் நீங்கள் அமரும் இடமும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். கீச்சொலி தரும் சிறு வட்டம் உங்கள் காதின் உயரத்தில் இருக்கட்டும். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் அடிநாதம் பெருத்துக் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். ஒன்றிரண்டு அடி முன்னால் இழுத்துப் பாருங்கள். காசில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது.

அடுத்து அறை. நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். ‘கிணீர்’ என்று சுவருக்குச் சுவர் ஓசை மோதினால், பாட்டும் அப்படித்தான் மோதிக்கொண்டிருக்கிறது. மொசைக் தரையும், வெறும் சுவரும், கண்ணாடிச் சன்னலும் சேர்ந்த நம் கூடங்களில் இது மிகுதி. தரையில் கனத்த ஜமுக்காளம், சன்னலில் திரை, பின்சுவரில் புத்தக அலமாரி என்று இவை மூன்றும் அமைந்தால் அறை அமைதியாகும். பொருள் குறைந்த பெரிய கூடத்தைவிட, துணிமணி நிறைந்த சிறிய படுக்கையறையே கேட்பதற்கு ஏற்றது.

புதிய ஸ்பீக்கர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டை ஒப்பிடுகையில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ, அதுவே நல்லதென்று காது தீர்ப்புச் சொல்லும். கடைக்காரருக்கு இது தெரியும். ஒலியளவைச் சமமாக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் நன்கறிந்த குரலைக் கேளுங்கள். பிள்ளைகள் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டால், வளர்ந்தவர்களுக்கே 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு என்பதை மனத்தில் வையுங்கள்.

மறுபடியும் கேசட்டுக்கு

இவ்வளவும் அறிந்தபின், கடைக்காரர் தந்த கோப்பை நல்ல ஹெட்போனில் கேட்டேன். கனம் ஓரளவு திரும்பிற்று. ஆயினும் அது வாப்பாவின் குரலாக இல்லை. சற்று இளைத்து, அவசரப்பட்டு ஒலித்தது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, அதிர்வுகளைப் பிரித்துக் காட்டும் படத்தை மிக நுட்பமான அளவில் வரைந்தபோது காரணம் தெரிந்தது. துபாய் மின்சாரமும் நம்முடையதைப்போல் 50 ஹெர்ட்ஸ்தான். வாப்பா மின்சாரத்தில் ஓட்டிய ரிகார்டரின் முனகல் நாடாவில் லேசாகப் பதிந்திருந்தது. 50இல் இருக்க வேண்டிய அந்தக் கோடு 52இல் நின்றது! கடைக்காரரின் இயந்திரம் நாடாவை 4 விழுக்காடு வேகமாக ஓட்டியிருக்கிறது. அரைச்சுருதியில் பாதிக்கும் மேலான உயர்வு அது. உம்மாவின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. உங்கள் கேசட் சவூதியில் பதிந்ததாக இருந்தால், அங்கே 60 ஹெர்ட்ஸ் என்பதை மறவாதீர்கள்.

கோப்பின் வேகத்தைக் குறைத்தால் சுருதி சரியாகும். கழிந்துபோனது வராது. நல்லவேளையாக உம்மா கேசட்டைக் குப்பையில் போட விடவில்லை. மாற்றியாகிவிட்டதே என்று மூலத்தை எறிந்துவிடுவோர் பலர். தயவுசெய்து எறியாதீர்கள்.

மறுபதிவுக்கு ஒரு பழைய கேசட் டெக்கை வாங்கி, இளகிப் போயிருந்த ரப்பர் பெல்ட்டை ரேடியோ மெக்கானிக்கிடம் மாற்றினேன். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிட்டேன். கேசட்டை முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி இளக்கினேன். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுப்பட்டை உதிர்ந்திருந்ததால், திருகாணிகளால் மூடிய வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றினேன். இதற்குப் பொறுமை வேண்டும். முதலில் தேவையற்ற ஒரு கேசட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக நிற்பதை அது தீர்மானிக்கிறது. பதிந்த இயந்திரத்தின் சாய்வும் ஓட்டும் இயந்திரத்தின் சாய்வும் மயிரிழை மாறினாலும் மேல்சுருதிகள் மங்கிவிடும். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மிக லேசாக இருபுறமும் திருப்பி, சீறொலிகள் மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். பழைய நிலையைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பாடல் பகுதியை ஓடவிட்டு இதைச் செய்தேன். போர்வையை விலக்கினாற்போல் ஹனிபாவின் குரல் எழுந்தபோது, கை தானாக நின்றுவிட்டது.

கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டியது மைக் துளையில் அன்று, ‘லைன் இன்’ துளையில். மேசைக் கம்ப்யூட்டர்களில் அது பெரும்பாலும் நீலநிறம். மடிக்கணினியில் அது இல்லையென்றால், பதிவு வசதியுள்ள யு.எஸ்.பி. கருவி வேண்டும். உச்ச ஒலியும் வரம்புக்கு 6 டெசிபல் கீழே நிற்கும்படி அளவை வைத்து, 24 பிட்டில் பதிந்து, ஃபிளாக்காகச் சேமித்தேன். இரைச்சலை நீக்கும் வசதியை ஆசையோடு அழுத்திப் பார்த்தேன். இரைச்சல் போயிற்று, கூடவே வாப்பா மூச்சு விடுவதும் போயிற்று. உடனே பழையபடி ஆக்கினேன். மழைச் சாரல்போன்ற நாடாவின் ஓசைக்குக் காது இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். மூலப்பதிவை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்திவிட்டு, சோதனைகளை நகலில் செய்யுங்கள்.

புதிய பதிவிலும் முனகல் கோடு 50ஐச் சற்றே விலகி நின்றது. அந்த விலகலையும் நேராக்கிவிட்டு, பரணிலிருந்து இறக்கிய ஸ்டீரியோ செட்டில் இணைத்து, படுக்கையறையில் உம்மா உட்காரும் நாற்காலிக்கு எதிரே ஸ்பீக்கர்களை வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். வாப்பா ஸலாம் சொல்லித் தொடங்கினார்கள். உம்மா வாய்க்குள் பதில் ஸலாம் சொன்னார்கள். பிறகு இருபது நிமிடம் ஒன்றும் பேசவில்லை. இடையில் ஒரு கிளாஸை மேசையில் வைக்கும் ஓசை வந்தது. அதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. “சுலைமானி குடிக்கிறாஹ” என்று மட்டும் சொன்னார்கள்.

பேச்சு முடிந்து ஹனிபாவின் பாடல் தொடங்கியதும் நிறுத்துவதற்காக எழுந்தேன். உம்மா கையைக் காட்டித் தடுத்தார்கள். “அது ஓடட்டும். அதையும் அவஹதானே போட்டு அனுப்புனாஹ.”